சுண்டுவிரல் நகம்

என் தம்பி லிபோரியோவின் சுண்டுவிரல் நகத்தைக் காணோம் என்று முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, எங்களோடு சீட்டாடும் ஒனோப்ரியோதான். அதுவே எனக்கு அவமானம்.

மன்றத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். செப்டம்பர் கடைசி. மூன்று நாளாகத் தெற்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் தாண்டி வரும் செந்தூசி மேசை விரிப்பில், மீசையில், எலுமிச்சைச் சர்பத்தில் எல்லாம் படிந்துவிடும். அந்த மாதிரி நாட்களில் மன்றத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. மற்ற நாட்களிலும் அதிகம் பேசுவதில்லை என்பதை இப்போது யோசித்தால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

லிபோரியோ மேசையில் கிடந்த ஒரு சீட்டை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல் நுனியால் சுரண்டினான். சீட்டு விரிப்போடு ஒட்டிக்கொண்டு நகர்ந்ததே தவிர எழும்பவில்லை. கடைசியில் மேசை ஓரம் வரை இழுத்துக்கொண்டு போய் எடுத்தான், கடைக்காரன் சில்லறை பொறுக்குவதுபோல.

"என்ன லிபோரியோ, நகத்தை அடகு வச்சிட்டியா?" என்றான் ஒனோப்ரியோ.

"வண்டிக் கதவுல பட்டு உடைஞ்சிடுச்சு."

"உடைஞ்ச நகம் கோணல்மாணலா இருக்குமே. இது கத்திரி வச்ச மாதிரியில்ல இருக்கு."

"என் நகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா உன் சீட்டை யாரு பார்ப்பா?" என்றான் லிபோரியோ. ஒனோப்ரியோ சிரித்தான். ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எங்கள் கஸ்தெல்வேரோ குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் பதினாறு வயதில் வலது கைச் சுண்டுவிரல் நகத்தை வளர்க்கத் தொடங்குவார்கள். எங்கள் ஊரான மொந்தெலூரோவில் நிலம் வைத்திருக்கும் எல்லா நல்ல குடும்பங்களிலும் அப்படித்தான். மண்வெட்டி பிடிக்கிற கையில் அந்த நகம் நிற்காது. மூட்டை தூக்குகிற கையிலும் நிற்காது. எங்கே போனாலும் கையை மேசைமேல் வைத்தால் போதும், நாங்கள் யார் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. என் அப்பாவைப் பெட்டியில் கிடத்தியபோது அந்த நகம் மற்றவர்களுக்குத் தெரியும்படி வலது கையை மேலே வைத்தது நான்தான்.

மன்றத்தின் விதி ஒன்று சுவரில் கண்ணாடிக்குள் தொங்குகிறது. கையால் உழைத்து உண்பவருக்கு இங்கே நாற்காலி கிடையாது என்பது அதன் சாரம். ஒருமுறை மருந்துக்கடைக்காரர் உறுப்பினராகச் சேரக் கேட்டார். மருந்தைத் தானே உரலில் இடிக்கிறார் என்று மறுத்துவிட்டார்கள். அவர் இடிப்பதற்கு ஆள் வைத்துக்கொண்டு மறுபடி எழுதிப்போட்டார். "இடிச்ச கை இடிச்ச கைதான்" என்றார் என் அப்பா. அதோடு முடிந்தது. அப்படிப்பட்ட மன்றத்தில் வாசலை ஒட்டிய முதல் இரண்டு நாற்காலிகள் எங்கள் வீட்டுக்கு உரியவை. ஒன்றில் நான், இன்னொன்றில் லிபோரியோ. எங்களுக்குப் பிறகு உட்கார ஆளில்லை. என் மனைவி பிள்ளையில்லாமல் இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. லிபோரியோவுக்கும் குழந்தை இல்லை.

அன்று சாயங்காலம் அவன் மனைவி நுன்சியா மேல்மாடிக்கு என்னைப் பார்க்க வந்தாள். ஒரே மாளிகைதான், அவர்கள் கீழே, நான் மேலே. ஆனாலும் அவள் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அத்தான், உங்க தம்பிக்கு ஒரு பொம்பளை சகவாசம் இருக்கு."

"யார் சொன்னது?"

"அவரு வாய் சொல்லுது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா வாயெல்லாம் பச்சை வெங்காய வாடை. இங்க சமையக்காரி கொன்சேத்தா கோழி சூப்பு வச்சு, அடுப்புல மக்ரோனி வச்சு, எல்லாம் ஆறிக் கெடக்கு. இவரு எவளோ ஒருத்தி வீட்ல வெங்காயத்தைக் கடிச்சுட்டு வர்றாரு. அதான் எனக்குத் தாங்கல. வச்சுக்கிறதுதான் வச்சுக்கிறாரு, கொஞ்சம் நல்லா சாப்பிடற இடமாப் பார்த்து வச்சுக்கக் கூடாதா?"

"எங்கே போறதாச் சொல்றான்?"

"ரயிலடில வைத்தியராம். முதுகுக்கு ஆவி பிடிக்கிறாராம். வாரத்துல நாலு நாள். புதுசா விட்டிருக்காங்களே பஸ்ஸு, அதுல. முதுகு வலிக்காரன் அந்த பஸ்ஸுல போவானா? ஆரோக்கியமான முதுகே அதுல உடைஞ்சுபோகும்."

எனக்கு, உண்மையைச் சொன்னால், மூச்சு சீராக வந்தது. பெண் விவகாரம் என்றால் ஒன்றுமில்லை. மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது உண்டு. அதற்காக யாருடைய நாற்காலியும் போனதில்லை.

"சரிம்மா, நான் பேசறேன்" என்றேன்.

"இதையும் பாருங்க" என்று உள்ளங்கையை விரித்தாள். "கால்சட்டை மடிப்புல இருந்துச்சு. தினமும் இருக்கு."

பாதாம் ஓட்டின் சில்லு. நகக்கண் அளவு இருக்கும். நுன்சியா அதைப் பார்த்து என்ன நினைத்தாளோ தெரியாது. நான் நகத்தை நினைத்தேன். சீட்டாடும்போது பார்த்த, அவன் விரல் ரேகைகளில் பழுப்பாகப் படிந்திருந்த தூசியை நினைத்தேன். தெற்குக் காற்றின் தூசி சிவப்பு. அவன் கையில் இருந்தது சிவப்பு இல்லை.

மறுநாள் வண்டி பூட்டச் சொல்லி ரயிலடிக்குப் போனேன். இரண்டு மணி நேரப் பாதை. அறுவடை முடிந்த வயல்களில் தாளுக்குத் தீ வைத்திருந்தார்கள். கறுத்த நிலமும் சிவந்த வானமுமாக, நடுவில் எங்கள் பாதாம் தோப்புகள் இலை வாடி நின்றன. அந்த மரங்களை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவற்றின் காய் எங்கே போகிறது, யார் உடைக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. காரியஸ்தர் பார்த்துக்கொள்வார்.

பாதாம் உடைக்கும் கிடங்கு, வண்டிக்காரன் சொன்னபடி, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. வண்டியை மூலையில் நிறுத்திவிட்டு நடந்தேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. கல்லில் கல் மோதும் சத்தம், நாற்பது ஐம்பது கைகள் ஒன்றோடொன்று சேராமல் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம். அதற்கு மேலே பேச்சு. கதவு பாதி திறந்திருந்தது. கதவின் மறைவில் நின்றதால் அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளிருட்டும் தூசியும் கண்ணுக்குப் பழகப் பழக மெல்ல மெல்லப் பார்த்தேன். பெண்கள் ஐந்தாறு பேராக வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் மடியில் ஒரு தட்டைக் கல், கையில் ஒரு குண்டுக் கல். கொட்டையின் பொருத்து மேலே வரும்படி நிறுத்தி ஒரே அடி. ஓடு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்.

கதவை ஒட்டிய வட்டத்தில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். தலையில் யாருடைய பழைய தொப்பியோ. அங்கே அவனுக்குப் பெயரும் வேறு.

"ஏய் பெப்பே அண்ணே" என்றாள் அவனுக்கு எதிரே இருந்த ஒரு இளம்பெண், "கொட்டையத் தட்டச் சொன்னா தடவிக் குடுக்கிறீரே. அது என்ன உம்ம பொண்டாட்டியா?"

"பொண்டாட்டியத் தட்டினப்போ திருப்பித் தட்டினா. அந்த பயம் இன்னும் போகல."

"கேட்டியா அகாத்தா அக்கா, மனுசனுக்கு பயம் இருக்கு."

அகாத்தா என்பவள் கிழவி. கண்ணில் பூ விழுந்திருந்தது. கையால் தடவிப் பார்த்துத்தான் கொட்டையை நிறுத்தினாள். லிபோரியோ தான் உடைத்த பருப்பைத் தன் கூடையில் போடாமல் அவள் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் ஒரு பருப்பை வாயில் போட்டு உடனே துப்பினாள்.

"த்தூ. கசப்பு. எந்தச் சாக்குடி இது?"

"எதுவாம், கஸ்தெல்வேரோ சாக்குத்தான். முத்திரை போட்டிருக்கே" என்றாள் இளம்பெண்.

"நெனச்சேன். கசப்பு மரத்துல நல்ல ஒட்டுக் கட்ட அந்தத் தோப்புல ஒருத்தனுக்கும் துப்பில்ல. அண்ணன் தம்பி ரெண்டு பேராம். காலையில மன்றத்துல உட்கார்ந்தா பொழுதடைஞ்சுதான் எந்திரிப்பாங்களாம். அவங்க செத்தா சவத்தைக் குளிப்பாட்டறவ பார்ப்பா, முதுகுல பிரம்பு நாற்காலித் தடம் அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

"முதுகுல மட்டுமா?" என்றான் என் தம்பி.

வட்டம் முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். தொப்பி சரிய, கண்ணில் நீர் வர, கல்லை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று நினைவில்லை. அம்மா இருந்தபோதாக இருக்கலாம். சிரித்து முடித்ததும் அகாத்தா ஒரு ரொட்டித் துண்டைப் பிய்த்து அதன்மேல் உப்பு மத்தி மீனும் வெங்காயமும் வைத்து அவனிடம் நீட்டினாள். "தின்னும். பொண்டாட்டி செத்த மனுசன், காலையில என்னத்த தின்னிருப்பீரு" என்றாள். அப்படித்தான் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தான் போலும். அவன் வாங்கிக் கடித்தான்.

நான் அப்போதே திரும்பியிருக்கலாம். அல்லது யாரையாவது அனுப்பி, பெப்பே என்பவரை வெளியே கூப்பிடச் சொல்லியிருக்கலாம். இரண்டும் எனக்குத் தோன்றின. தோன்றவில்லை என்று இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பெயரை ஒரு கிழவி துப்ப, எங்கள் அப்பாவின் மகன் அதற்குச் சிரித்ததைக் கேட்டுவிட்டு நான் நின்றேன். கதவை முழுதாகத் திறந்தேன்.

"தோன் லிபோரியோ கஸ்தெல்வேரோ" என்று பட்டத்தோடு முழுப்பெயரையும் சொல்லி அழைத்தேன். "வண்டி காத்திருக்கு."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டியிருக்கவில்லை. முதல் வட்டத்தில் கல் நின்றது, அப்புறம் அடுத்ததில், அப்புறம் கிடங்கின் கடைசி மூலைவரை. ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் எழுந்து நின்றார்கள். மடியில் இருந்த ஓடுகள் தரையில் கொட்டின. அகாத்தாவுக்கு எழ முடியவில்லை. இளம்பெண் அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். கிழவி குரல் வந்த பக்கம் பார்க்கவில்லை, என் தம்பி உட்கார்ந்திருந்த பக்கம் பூ விழுந்த கண்ணைத் திருப்பினாள்.

"எசமான்" என்றாள். "எசமான், பொல்லாத வாயி. மன்னிச்சிருங்க."

"உட்காருங்க அக்கா" என்றான் லிபோரியோ. அவள் உட்காரவில்லை. யாருமே உட்காரவில்லை. அவன் மட்டும் வாயில் ரொட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

வண்டியில் பாதி தூரம் வந்திருந்தோம்.

"கூலி வாங்கினியா?" என்று கேட்டேன்.

"இல்லை. எல்லாம் அந்த அக்கா கூடையிலதான் போட்டேன்."

"கடவுள் காப்பாத்தினார். அப்போ சமாளிச்சுடலாம்."

"என்னத்தை அண்ணா?"

"என்னத்தையா? ஒனோப்ரியோ விடுவான்னு நினைக்கிறியா? இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு. உன் நாற்காலியை எடுக்கணும்னு எழுந்து நிப்பான்."

"எடுத்துட்டுப் போகட்டும்."

"அது உன் நாற்காலி இல்லை. அப்பாவோடது. அவருக்கு முன்னால தாத்தாவோடது."

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நகம் இருந்தா கல்லைப் பிடிக்க முடியலை அண்ணா. கையை மூடினா உள்ளங்கையில குத்துது. நாலு நாள் சமாளிச்சேன். அப்புறந்தான் வெட்டினேன்."

"ஏன்டா? எது குறைஞ்சுபோச்சு உனக்கு?"

"போன ஜனவரில ஒருநாள். மன்றத்துல காலையிலேர்ந்து உட்கார்ந்திருந்தோம், ஞாபகம் இருக்கா? ஒனோப்ரியோ 'மழை வருமா'ன்னான். நீங்க 'வராது'ன்னீங்க. விளக்கேத்தற வரைக்கும் அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் நான் வீட்டுக்கு வந்து நுன்சியாகிட்ட, மழை வராதாம்னு சொன்னேன்."

"தெரிஞ்சவங்களுக்குள்ள பேசறதுக்கு என்ன இருக்கு?"

"அதான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நான் நினைத்தபடியே ஒனோப்ரியோ எழுந்தான். நான் அவனுக்கு முன்னால் எழுந்துவிட்டேன். என் தம்பி எங்கள் தாயின் ஆன்மாவுக்காகப் புனிதருக்கு நேர்ந்துகொண்டான், நாற்பது நாள் எளியவர்கள் நடுவில் கூலியில்லாமல் உழைப்பதாக நேர்த்திக்கடன், அதை யாருக்கும் சொல்லக்கூடாது என்பதும் நேர்த்தியில் ஒரு பகுதி, என்றேன். எங்கள் ஊரில் நேர்த்திக்கடனுக்காக ஒரு பிரபு வெறுங்காலோடு மலையேறியதுண்டு, ஒரு சீமாட்டி கோயில் தரையை நாவால் தொட்டபடி ஊர்ந்ததுண்டு. கடவுளுக்காகச் செய்தால் அது வேலை ஆகாது. மன்றத்திலேயே மூத்த பிரபுவான கிழட்டு பாரோன் எழுந்து வந்து லிபோரியோவின் கையைப் பற்றிக்கொண்டார். ஒனோப்ரியோவும் வந்தான். "எங்களுக்கெல்லாம் இந்த பக்தி எங்க வரப்போகுது" என்றான். லிபோரியோ மறுக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்டது. அவன் மறுக்கவில்லை.

எங்கள் பெயர் முன்பிருந்ததைவிட ஒரு படி உயர்ந்தது. எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவன் மறுபடி ரயிலடிக்குப் போனான். எனக்குத் தெரியும். ஜன்னலில் நின்று பார்த்தேன், தடுக்கவில்லை. நண்பகலுக்குள் திரும்பிவிட்டான். படியேறி நேராக என்னிடம் வந்தான். தொப்பி கையில் இருந்தது.

"எந்திரிச்சு நிக்கிறாங்க அண்ணா. நான் உட்கார்ந்தாத்தான் உட்காருறாங்க. உட்கார்ந்தாலும் யாரும் வாயைத் திறக்கலை. நான் உடைச்சுப் போட்டதை அந்த அக்கா தடவித் தடவி எடுத்து என் பக்கமே தள்ளி வைக்கிறாங்க. தோட்டத்து எசமானோட கூலி எனக்கு வேண்டாம்கிறாங்க. சரீனா, அந்தச் சின்னப் பொண்ணு, எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டா. கிடங்குல ஒரே ஒரு நாற்காலிதான். மேஸ்திரியோடது. அதைத் தூசி தட்டிப் போட்டா."

"உட்கார்ந்தியா?"

"உட்கார்ந்தேன். வேற என்ன பண்றது?"

தொப்பியை என் மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான். அந்தத் தொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

குளிர்காலம் வந்தது. மன்றத்தில் நாற்காலிகளை உள்ளே போட்டார்கள். கணப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். லிபோரியோ ஒருநாளும் தவறாமல் வந்தான். நகம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. மழை வருமா என்று ஒனோப்ரியோ கேட்டால் இப்போது அவனே பதில் சொன்னான், வராது என்று. வீட்டில் அவன் எதையும் குறை சொல்வதில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான், சூப்பு ஆறுவதற்கு முன்னால் குடித்துவிடுகிறான் என்றாள் நுன்சியா. சொல்லிவிட்டு என் வாசலிலேயே நின்றாள்.

"வெங்காய வாடை போயிடுச்சு அத்தான்."

"நல்லதுதானே."

"ஒரு பொம்பளையாவே இருந்திருக்கலாம்" என்றாள். "அதுலேர்ந்து மனுஷன் திரும்பி வந்துடுவான்."

பிப்ரவரியில் பாதாம் பூத்தது. தோப்பெல்லாம் வெள்ளை. அப்போது நான் காரியஸ்தரிடம் சொல்லி, போன வருஷத்துக் கொட்டையில் உடைக்காத ஒரு சாக்கு வீட்டுக்கு வரவழைத்தேன். தட்டைக் கல் இரண்டு, குண்டுக் கல் இரண்டு. காரியஸ்தர் காரணம் கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமில்லை. வேலைக்காரர்களை அன்று மதியம் வெளியே அனுப்பிவிட்டுப் பெரிய கூடத்தில் ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். லிபோரியோவைக் கூப்பிட்டேன்.

அவன் சாக்கைப் பார்த்தான். எங்கள் முத்திரையைப் பார்த்தான். தரையில் எதிரெதிராகப் போட்டிருந்த இரண்டு மெத்தைகளைப் பார்த்தான்.

"யாரு உடைக்கறதுக்கு?"

"நீயும் நானும்."

அவன் உட்காரவில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபம் இல்லை.

"நாம என்ன அண்ணா பேசுவோம்?" என்று கேட்டான்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. மன்றத்தில், நீதிமன்றத்தில், பிஷப்பின் முன்னால், எங்கேயும் பதிலில்லாமல் நின்றதில்லை. அவன் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.

நான் உட்கார்ந்தேன். கால்களை மடக்க முடியவில்லை, நீட்டிக்கொண்டேன். கல்லை எடுத்துக் கையை மூடினேன். நகம் உள்ளங்கையில் குத்தியது. பிடியை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் குத்தியது. அவன் சொன்னது சரி. எழுந்து என் மனைவியின் தையல் பெட்டியைத் தேடினேன். பதினொரு வருஷமாகத் திறக்காத பெட்டி. கத்திரியில் லேசாகத் துரு ஏறியிருந்தது. ஐம்பத்தாறு வருஷத்து நகம் ஒரு சின்னச் சத்தத்தோடு போனது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

பொருத்து மேலே வரும்படி கொட்டையை நிறுத்தினேன். முதல் அடி விரலில் பட்டது. நாலாவது அடியில் ஓடு பிளந்தது. பருப்பை வாயில் போட்டேன்.

கசப்பு. அந்தக் கிழவி பொய் சொல்லவில்லை. "லிபோரியோ, கசப்புடா" என்று வாய்வரை வந்துவிட்டது. கூடத்தில் யாரும் இல்லை. துப்பவும் இடமில்லாமல் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் மன்றத்தில் சீட்டு போட்டார்கள். என் முறை வந்தது. மேசையில் கிடந்த சீட்டை எடுக்கக் கையை நீட்டினேன். சீட்டு வரவில்லை. விரிப்போடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தது. ஒனோப்ரியோ தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் விரலையே பார்த்தான்.

"வண்டிக் கதவு" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த லிபோரியோ என் கையைப் பார்த்தான். பிறகு தன் கையை நீட்டி, வளர்ந்துவிட்ட சுண்டுவிரல் நகத்தால் அந்தச் சீட்டை லேசாக நெம்பி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தான். வராது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த மழை வெளியே பிடித்துக்கொண்டது.